வளங்குன்றா: காட்டில் பிறந்த ஒரு சொல்லுக்குத் தமிழ்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கத்தில் ஒரு பல்நோக்கு மண்டபம். மேடைக்குப் பின்னால் பச்சை நிறப் பதாகை: ‘நிலையான வனவளமும் தூய வலுசக்தியும் – அரசின் காலநிலை நடவடிக்கைக்குக் கைகொடுப்போம்’. அரை மணி நேரம் ‘நிலையான வனம், நிலையான வனம்’ என்று பேசி முடித்துவிட்டுக் கேள்வி ஏதும் உண்டா என்றார்கள். பின்வரிசையில் இருந்து ஓர் அக்கா எழுந்தார்.

“அப்ப இனி நாங்க விறகுக்குப் போக ஏலாதா?”

மேடையில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்றே விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. காடு நிலையாக நிற்கவேண்டும் என்றால் யாரும் அதைத் தொடக்கூடாது என்றுதானே பொருள்? எல்லைக்கல் நட்டார்கள், காணியை மறித்தார்கள் என்ற கதைகளோடு வாழும் ஊர்களில் இந்தச் சொல் வேறெப்படிக் காதில் விழும்? மேடையில் சொல்ல வந்ததோ இதற்கு நேரெதிர். காட்டிலிருந்து எடுக்கலாம், அது வளர்கிற அளவுக்குமேல் எடுக்கக்கூடாது என்பதுதான் செய்தி. ஒரேயொரு சொல் அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டது.

‘நிலையான’ என்று அவர்கள் பெயர்த்த சொல் ஆங்கிலத்தில் ‘சஸ்டெய்னபிள்’. இலத்தீன் வேரில் கீழிருந்து தாங்கிப் பிடித்தல் என்று பொருள். ஆனால் இன்றைய பொருள் ஜேர்மன் காடுகளில் இருந்து வந்தது. சக்சனியின் பிறைபெர்க் நகரில் வெள்ளிச் சுரங்கங்களை நிர்வகித்த ஹான்ஸ் கார்ல் வொன் கார்லோவிற்ஸ், சுரங்கத்துக்கும் உலைக்கும் வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துகொண்டிருந்ததைக் கண்டு 1713இல் ஒரு நூல் எழுதினார். மீண்டும் வளர்வதற்கு ஏற்ற அளவில் மரத்தை எடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு அவர் ஆண்ட சொல்லின் வழியில் வந்ததே இன்றைய ஜேர்மன் சொல். 1987இல் புறுண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான ஐ.நா. ஆணைக்குழு அந்தக் கருத்தை அபிவிருத்தி முழுவதற்கும் விரித்தது. வரலாறு இவ்வளவுதான். மனத்தில் வைக்கவேண்டியது ஒன்று: இந்தச் சொல் வெட்டுபவனை நோக்கிப் பிறந்தது. காடு எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை, நீ எப்படி எடுக்கிறாய் என்பதைச் சொல்கிறது.

இந்த உரைகல்லில் நம்மிடம் புழங்கும் சொற்களை உரசிப் பார்ப்போம்.

‘நிலையான’ முதல் உரசலிலேயே போய்விடுகிறது. நிலையான வருமானம், நிலையான வைப்பு, நிலையான முகவரி என்பவற்றில் அது மாறாதது, அசையாதது. மின்சாரத்தோடு சேர்த்தால் இன்னும் மோசம். மூதூருக்குப் பக்கத்துச் சம்பூரில் முதலில் 500 மெகாவாற்று நிலக்கரி அனல்மின் நிலையம் என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது அங்கே 120 மெகாவாற்று சூரிய மின்திட்டம். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி அதன் வேலையைத் தொடக்கிவைத்தார்கள். இதை ‘நிலையான மின்சாரம்’ என்று ஒருவர் எழுதினால் வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? இனிக் கரண்ட் நிற்காது என்று. பொழுது சாய்ந்தால் சூரியத் தகடு மின் தராது. அதைப் பிடித்துவைக்க மின்கலம் வேண்டும். வாசகர் நினைப்பதும் சொல்ல வந்ததும் இரண்டு வெவ்வேறு பொருள்கள், இரண்டும் ஒரே சொல்லுக்குள் மோதுகின்றன.

‘நிலைபேறான’ அதைவிடப் பரவாயில்லை. நிலைபெறு என்ற நல்ல வினையில் இருந்து வந்தது. 2017ஆம் ஆண்டின் நிலைபேறான அபிவிருத்திச் சட்டத்தின் பெயரிலேயே ஏறிவிட்டது. ஆனாலும் அது பொருளின் நிலையைத்தான் பேசுகிறது, பயன்படுத்தும் முறையைப் பேசவில்லை. ‘நிலைபெறுதகு வலு’ என்று 2007இல் உருவான அதிகாரசபையின் பெயரில் வைத்தார்கள். சிங்களத்தில் அதே சபைக்கு ‘சுனித்ய’ என்ற சொல். நித்தியம் என்ற வாசனை அதிலிருந்தே தமிழுக்கும் ஒட்டியிருக்கவேண்டும் என்பது என் எண்ணம். இப்படிச் சிங்களத்தின் முதுகில் ஏறிவரும் தமிழைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். பதாகையில் இருந்த ‘வலுசக்தி’யை எடுங்கள். நம் பாடசாலைப் பிள்ளைகள் சக்தியை யூலிலும் வலுவை வாற்றிலும் அளக்கிறார்கள். இரண்டும் வேறு கணியங்கள் என்று விஞ்ஞான ஆசிரியர் தொண்டை வறளக் கற்பிக்கிறார். வெளியே வந்தால் அரசாங்கப் பலகையில் இரண்டையும் ஒட்டி ஒரு சொல். சிங்களத்தின் ‘பலசக்தி’யை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்த விளைவு அது. ‘தூய எரிசக்தி’ என்றோ ‘தூய மின்’ என்றோ எழுதினால் யாருக்கு என்ன குறை?

உண்மையான போட்டி ‘பேண்தகு’வோடுதான். அதை விரும்புபவர்கள் தமிழ்ப் பற்றாளர்கள், என் நண்பர்கள் பலரும் அதில் அடக்கம். பேணு அழகான வினை. உடம்பைப் பேணு, உறவைப் பேணு என்கிறோம். ஆனால் பேண்தகு காடு என்றால் என்ன? பேணத் தகுந்த காடு. பேணத் தகாத காடு எங்கே இருக்கிறது? பாலையும் முதிரையும் நிற்கும் வெருகல் காடும் பேணத்தக்கது, கொட்டியாரக் குடாக் கரையோரக் கண்டலும் பேணத்தக்கது. காட்டின் தகுதியைச் சொல்லிவிட்டு வெட்டுகிறவனின் அளவைப் பற்றி வாய்திறக்காத சொல் அது. ஆங்கில விகுதிக்கு ஒரு ‘தகு’ வைத்தால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்ற பழக்கத்தின் பிள்ளை. நான் இதை ஏற்கமாட்டேன்.

என் சொல் ‘வளங்குன்றா’. இது நான் ஆக்கியதன்று. ‘கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடென்ப நாட்டின் தலை’ என்று குறள் சொல்கிறது. அதே அதிகாரத்தின் முதற்குறளில் ‘தள்ளா விளையுள்’ இருக்கிறது, குறையாத விளைச்சல். இந்தக் கருத்தைச் சொல்ல நம்மிடம் எப்போதோ சொல் இருந்தது. எதிர்மறைச் சொல், மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். வற்றாக் கிணறும் வாடா மலரும் அழியாப் புகழும் எதிர்மறை இல்லையா? அவற்றை யாரும் வெறுத்ததாகத் தெரியவில்லை.

ஒரு முறை நான் மொழிபெயர்த்துக் கொடுத்த கைநூலில் இருபது இடங்களில் ‘வளங்குன்றா’வை அடித்துவிட்டு ‘நிலையான’ என்று திருத்தினார்கள். ‘வாசிக்க லேசு’ என்றார்கள். லேசாக வாசித்துப் பிழையாக விளங்குவதற்கா கைநூல்? 2030க்குள் காட்டுப் பரப்பை 32 சதவீதமாக்குவோம், மின்னில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களில் இருந்து பெறுவோம் என்று 2021இல் இலங்கை உலகுக்கு வாக்குக் கொடுத்தது. காட்டோரத்தில் இருப்பவருக்கு விளங்காத மொழியில் இதை எப்படி நிறைவேற்றுவது?

அன்று கூட்டம் முடிந்ததும் அந்த அக்காவிடம் போனேன். “போகலாம் அக்கா. காடு குறையவிடாம எடுக்கச் சொல்றாங்க, அவ்வளவுதான்” என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் கையைக் கத்தி போல வீசிக் காட்டினார். “முந்தி நாங்க கொப்புத்தானே மகன் வெட்டுற. அடிமரத்தில கத்தி வைக்கமாட்டம். மாரி வந்தா திரும்பத் துளிர்க்கும்.”

குறையவிடாமல் எடுப்பது. ‘வளங்குன்றா’ என்பதன் பேச்சு வடிவம் இதுதான். மேடையில் பேசுகிறவர்கள் இதையே சொல்லட்டும். எழுத்தில் வரும்போது ‘வளங்குன்றாக் காட்டுப் பயன்பாடு’, ‘வளங்குன்றா மின்னாக்கம்’ என்று எழுதலாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் வல்லினத்துக்கு முன் ஒற்று மிகும்: ‘வளங்குன்றாக் காடு’. பதாகை அடிப்பவர்கள் அந்த ‘க்’கை விட்டுவிட வேண்டாம்.