அலைச்சறுக்கு ஊருக்குக் குடிபோகிறீர்களா? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டீர்களா?

வெளிநாட்டில், வெயிலும் கடலுமாக இருக்கும் ஒரு சின்ன சர்ஃபிங் ஊரில் போய் வாழப்போகிறேன் என்று ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர், விமானம் ஏறப் பத்து நாள் இருக்கும்போதுதான் வருகிறார்கள். வாடகை வீடு, இணைய வேகம், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் அலை நன்றாக எழும் என்பதெல்லாம் அத்துபடியாக இருக்கும். ஆனால், தொடை எலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது, அங்கே இரவில் எப்படிப் போவீர்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. பயண மருத்துவம் பார்க்கிற எனக்கு மற்ற எல்லாத் தயாரிப்பும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று மணி நேரத் தூரம் என்றால், அந்த மூன்று மணி நேரத்துக்கான ஏற்பாட்டை நீங்கள் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். இதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் வையுங்கள்.

முதலில் நாய்க்கடி. இந்த ஊர்களில் கடற்கரை நாய்கள் எல்லோரோடும் பழகும், அதனாலேயே யாரும் பயப்படுவதில்லை. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. முன்பு ஊசி போடாதவரைக் கடித்தால், தடுப்பூசியோடு சேர்த்துக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும், அது பெரிய நகரங்களிலேயே சில சமயம் கிடைப்பதில்லை. கிளம்பும் முன்பே, ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு போனவருக்கு அந்த இம்யூனோகுளோபுலின் தேவையில்லை, கடிக்குப் பிறகு கூடுதல் தடுப்பூசி மட்டும் போதும். 2018லிருந்து உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டு ஊசி முறையைத்தான் பரிந்துரைக்கிறது (நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கணக்கு வேறு). ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், கடித்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பூனை, குரங்கு, வௌவால் எல்லாவற்றுக்கும் இதுவே.

ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு, டெட்டனஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கிற நாடு என்றால், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம் ஸ்கூட்டர். அடிபட்டுத் திரும்பி வருகிறவர்களில் அலையில் விழுந்தவர்களைவிட ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சர்ஃபிங் பலகையை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு, செருப்பும் அரைக்கால் சட்டையுமாக, ஹெல்மெட் இல்லாமல் மண் சாலையில் போகிறார்கள். அந்த நாட்டில் செல்லுபடியாகும் இருசக்கர வாகன உரிமம் இல்லை என்றால் பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் ஒரு காசும் தராது. அதோடு, பயண இன்சூரன்ஸ் பெரும்பாலும் போய்த் திரும்புகிறவர்களுக்கானது, அங்கேயே குடியிருப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். ஏற்கெனவே உள்ள நோய், சர்ஃபிங் காயம், வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு, இந்த மூன்றும் அதில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கவனக்குறைவு நோய்க்கான (ADHD) மாத்திரை, கோடீன் கலந்த வலி மருந்து, சில தூக்க மாத்திரைகள் எல்லாம் சில நாடுகளில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும், மருத்துவர் சீட்டு இருந்தாலும் விமான நிலையத்தில் சிக்கலாகும். போகிற நாட்டுத் தூதரகத்திடம் கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மின்வெட்டை யோசிக்க வேண்டும். 2021 டிசம்பரில் ராய் புயல் பிலிப்பைன்ஸின் சியர்காவோ தீவைத் தாக்கியபோது அங்கே பல வாரங்கள் மின்சாரம் இல்லை. ஐஸ் இல்லாமலே, நனைத்த ஈரம் ஆவியாகிக் குளிரும் மருந்துப் பைகள் கிடைக்கின்றன, ஒன்று வாங்கி வையுங்கள்.

அங்கே போனபின் காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். டெங்கு பரப்பும் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும் என்பதால் இரவு வலை மட்டும் காப்பாற்றாது. காய்ச்சல் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று கடலுக்குக் கிளம்பாதீர்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், இதில் எது வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பவளப்பாறை கிழித்த காயத்தை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். சுத்தமான தண்ணீரில் தேய்த்துக் கழுவி உள்ளே இருக்கும் துகள்களை எடுத்துவிட்டு, காயம் மூடும்வரை கடலில் இறங்காமல் இருங்கள். சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்குக் கடல்நீர்க் கிருமி வெகு சீக்கிரம் உயிருக்கே ஆபத்தாகலாம். கால் வேகமாகச் சிவந்து வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே வண்டி பிடியுங்கள். இரவில் வருகிற ஓட்டுநர் ஒருவரின் எண்ணை ஊரில் இறங்கிய முதல் வாரமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.