மழையில் நெட் போனால் பைத்தான் ஏன் சாகிறது?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "மழை பெஞ்சா நெட்டு போவுது. நெட்டு போனா சர்வர்ல ஓடுற பைத்தானும் நின்னு போவுது. சர்வர் இருக்கது மும்பைல. அங்க கரண்டு இருக்கு, நெட்டு இருக்கு. பின்ன அது என்னத்துக்கு சாவுது?"

இரண்டு பருவமழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம் இது. ரப்பர் கிளை முறிந்து லைனில் விழுந்தால் கரண்ட் போகும், சற்று நேரத்தில் டவரும் போகும். பேச்சிப்பாறை மழையளவை வைத்து ஐந்து மணி நேரக் கணக்கு ஒன்றைப் பைத்தான் மொழி நிரலாக மும்பை சர்வரில் ஓட்டுகிறவருக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைந்து வேலை செய்ய உதவுவது எஸ்எஸ்எச். அதைப் பற்றி இரண்டு வரி போதும். 1995-இல் பின்லாந்தின் டாட்டு யூலோனென் எழுதியது. அதற்கு முந்தைய டெல்நெட்டில் கடவுச்சொல்கூட அப்பட்டமாகக் கம்பியில் போகும். இதில் எல்லாமே பூட்டப்பட்டு 22-ஆம் போர்ட் வழியே போகிறது. உங்கள் லேப்டாப் வெறும் விசைப்பலகையும் திரையும்தான். பைத்தான் ஓடுவது முழுக்க முழுக்க அங்கே. அப்படியென்றால் மாணவியின் சந்தேகம் நியாயமானதே.

விடை டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், இருக்கிறது. சர்வரில் நுழைந்ததும் 'டிடிஒய்' (tty) என்று தட்டிப் பாருங்கள். 'பிடிஎஸ்' என்ற பெயரும் பின்னால் ஓர் எண்ணும் வரும். அது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, உங்களுக்காக உண்டாக்கிய போலி டெர்மினல். அதற்கு இரண்டு முனைகள். ஒரு முனையை எஸ்எஸ்எச் சேவை நிரல் பிடித்திருக்கிறது. மறுமுனையில் உங்கள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல், அதன் கீழ் உங்கள் பைத்தான். நீங்கள் தட்டும் எழுத்து முதல் முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவருகிறது. பைத்தான் அச்சிடுவது எதிர்த்திசையில் வருகிறது. பைத்தானைப் பொறுத்தவரை எதிரே ஒரு நிஜ மனிதர் நிஜ இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

ஒருகாலத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். தொலைவில் இருப்பவர் மோடம் வைத்துத் தொலைபேசி வழியே வருவார். லைன் அறுந்தால் அவர் விட்டுப்போன நிரல் யாருக்காக ஓடுவது? இயந்திரத்தின் நேரமோ தங்க விலை. ஆகவே லைன் அறுந்ததும், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளம் நிரலுக்கு ஒரு சிக்னல் அனுப்பியது. அதன் பெயர் சிக்ஹப், எண் 1. வாங்குகிற நிரல் வேறு ஏற்பாடு செய்திராவிட்டால் அந்த இடத்திலேயே முடிந்துபோகும். மோடம் போய்விட்டது, விதி அப்படியே இருக்கிறது. இன்று இணைப்பு முறிந்ததும் எஸ்எஸ்எச் சேவை நிரல் தன் முனையை மூடுகிறது. கெர்னல் அதை 'லைன் அறுந்தது' என்று கொண்டு ஷெல்லுக்கு சிக்ஹப் அனுப்புகிறது. பாஷ் ஷெல் சாவதற்கு முன் தான் தொடங்கிய வேலைகளுக்கெல்லாம் அதையே அனுப்பிவிட்டுப் போகிறது. வரியின் கடைசியில் '&' போட்டுப் பின்னணிக்கு அனுப்பிய வேலையும் இதில் தப்பாது.

கன்ட்ரோல்-சி அடித்தால் பைத்தான் அதைப் பிடித்து ஒரு பிழையாக மாற்றி, எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓடவேண்டிய 'ஃபைனலி' பகுதியை ஓட்டிவிட்டு நிற்கும். சிக்ஹப்புக்கு அப்படி எந்த ஏற்பாடும் இயல்பாகக் கிடையாது. பிழைச்செய்தி இல்லை, 'ஃபைனலி' இல்லை. கோப்பில் எழுதச் சொல்லி இன்னும் பஃபரில், அதாவது தற்காலிக நினைவில், நிற்கும் வரிகளும் போச்சு. கடைசி வரி பாதியில் வெட்டிய கோப்பு கிடைப்பது இதனால்தான்.

சரி, சில நாள் நெட் போயும் நிரல் பிழைத்துக்கொள்கிறதே? ஜன்னலை மூடினால் இணைப்பு முறைப்படி முடியும், சாவு உடனே. டவர் போனால் விடைபெறும் பாக்கெட் எதுவும் சர்வருக்குப் போகாது. நீங்கள் போனதே அதற்குத் தெரியாது. நிரல் எதையாவது அச்சிட்டால் லினக்ஸ் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, ஏறத்தாழ 15 நிமிடத்தில் கைவிடும். எதுவும் அச்சிடாத நிரலென்றால், மறுமுனை இருக்கிறதா என்று இணைப்பு விதிமுறையான டிசிபி செய்யும் உயிர்ச்சோதனையே 2 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதற்குள் கணக்கு முடிந்துவிட்டால் தப்பித்தது. இதைத்தான் ஆய்வகங்களில் 'நேரம் சரியில்லை, மறுபடி ஓட்டிப் பாரு' என்கிறார்கள். நேரம் சரியாகத்தான் இருக்கிறது, அதை விநாடியில் எண்ணவே முடியும். நாகர்கோவிலைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. ரெக்கார்டு நோட்டில் நிரலைக் கையால் எழுத வைக்கும் நேரத்தில், ஒரே ஒரு லினக்ஸ் இயந்திரத்தில் ஆளுக்கொரு கணக்கு கொடுத்தால் இதையெல்லாம் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தீர்வு இரண்டு. முதலாவது 'நோஹப்': கட்டளைக்கு முன்னால் இந்தச் சொல், கடைசியில் '&'. சிக்ஹப்பைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று சொல்லி நிரலைத் தொடங்குகிறது. அச்சு வரிகள் 'நோஹப்.அவுட்' கோப்புக்குப் போகும். திறந்து பார்த்தால் அது காலியாக இருக்கும், பயப்பட வேண்டாம். எதிரே டெர்மினல் இல்லையென்றால் பைத்தான் வரிக்கு வரி எழுதாது. சில ஆயிரம் பைட் சேர்ந்த பிறகே எழுதும். பைத்தானை '-யூ' சேர்த்து ஓட்டினால் உடனுக்குடன் வரும்.

இரண்டாவது டீமக்ஸ், எனக்கு இதுதான் பிடித்தது. அது சிக்னலோடு மல்லுக்கட்டுவதே இல்லை. சர்வரிலேயே தனியாக ஒரு பின்னணி நிரலாக நின்றுகொண்டு, வேறொரு போலி டெர்மினலை உண்டாக்கி, அதன் முனையைத் தானே பிடித்துக்கொள்கிறது. பைத்தான் அந்த இரண்டாவது டெர்மினலில் ஓடுகிறது. எஸ்எஸ்எச் அறுந்தால் முதல் டெர்மினல் மட்டும் சாகும். இரண்டாவதின் முனையை யாரும் மூடவில்லை, ஆகவே சிக்னலே பிறக்கவில்லை. 'டீமக்ஸ் நியூ -எஸ் மழை' என்று தொடங்கி நிரலை ஓட்டுங்கள்; கன்ட்ரோல்-பி (b) அழுத்தி விட்டு 'டி' (d) அடித்தால் வெளியே வந்துவிடலாம். மறுநாள் 'டீமக்ஸ் அட்டாச் -டி மழை' (இந்த டி, t) என்றால் விட்ட திரை அப்படியே நிற்கும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று: லேப்டாப்பில் டீமக்ஸைத் தொடங்கி அதற்குள்ளிருந்து சர்வருக்குப் போவார்கள். அது உதவாது. முதலில் எஸ்எஸ்எச், உள்ளே போனபின் டீமக்ஸ். சர்வரே ரீபூட் ஆனால் டீமக்ஸும் போய்விடும். ஆகவே நீண்ட கணக்கென்றால் அவ்வப்போது இடைநிலை விடைகளைக் கோப்பில் எழுதி வையுங்கள்.

எடிட்டரில் இருக்கும்போது நெட் போனதா? நானோ சிக்ஹப்பை வாங்கியதும் கோப்பின் பெயரோடு '.சேவ்' சேர்த்து ஒரு பிரதி எழுதிவிட்டுத்தான் சாகும். விம் என்றால் '.எஸ்டபிள்யூபி' கோப்பு மறைவாக இருக்கும். 'விம் -ஆர்' போட்டு கோப்பின் பெயரைக் கொடுத்தால் மீட்கலாம். மீட்டுச் சேமித்தபின் பழைய எஸ்டபிள்யூபி-யை நீக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

மழையே இல்லாமல், சும்மா வைத்திருந்த இணைப்பு உறைந்துபோனால் காரணம் வேறு. மொபைல் நிறுவனத்தின் கருவி சும்மா கிடக்கும் இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து அழித்திருக்கும். லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கன்ஃபிக் கோப்பில் 'சர்வர்அலைவ்இன்டர்வல் 60' என்று ஒரு வரி சேர்த்தால் நிமிடத்துக்கொரு சிறு பாக்கெட் போய் அதை உயிரோடு வைக்கும். மூன்று முறை பதில் வராவிட்டால் தானே அறுத்துக்கொள்ளும். அதுவரை பொறுமையில்லையா? என்டர், அலைக்குறி (~), புள்ளி என மூன்றையும் வரிசையாக அழுத்துங்கள். உறைந்த திரை அப்போதே விடும்.