துறவிகளிடத்தில் ஒரு நகரம்

ஜெர்மன் மொழியை அரைகுறையாகக் கற்றவரிடம் ஜெர்மனியின் வரைபடத்தைக் கொடுத்தால் சிரித்துவிடுவார். எஸ்ஸன் என்றொரு பெருநகரம். அந்தச் சொல்லுக்குச் சாப்பாடு என்று பொருள். டார்ம்ஸ்டாட்டில் டார்ம் என்றால் குடல், ஸ்டாட் என்றால் நகரம். மார்ட்டின் லூதர் 1483இல் பிறந்ததும் 1546இல் இறந்ததும் ஐஸ்லேபனில். ஐஸ் பனிக்கட்டி, லேபன் வாழ்க்கை. ஆக, சாப்பாட்டூர், குடல் நகர், பனிக்கட்டி வாழ்வு. மூன்றுமே தவறு.

எஸ்ஸனின் பழைய பெயர் அஸ்ட்னிடே. அதற்கும் சாப்பாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டார்ம்ஸ்டாட் 11ஆம் நூற்றாண்டு ஏட்டில் டார்முண்டஸ்டாட் என்று இருக்கிறது. டார்முண்ட் என்ற ஆளின் பெயர் அதில் ஒளிந்திருக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஐஸ்லேபனில் உள்ள லேபன், ‘விட்டுச் சென்றது, பரம்பரைச் சொத்து’ என்ற பொருள்கொண்ட பழஞ்சொல். வாழ்க்கை என்ற சொல்லோடு அதன் ஒலி வந்து கலந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஊர்ப்பெயர் ஆய்வின் முதல் விதி இதில் இருக்கிறது: இன்றைய பெயரை நம்பாதே, கிடைக்கிற மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடு. பெயரை வைத்தவர்களுக்கு அது பொருளுள்ள சொல்லாகத்தான் இருந்தது. நாளடைவில் பேச்சு மாறி, பழைய பொருள் மறந்துபோகிறது. பொருளற்ற ஒலியை நாக்கு நெடுநாள் சுமப்பதில்லை. தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக அதை வளைத்துக்கொள்கிறது. பெர்லின் நகரச் சின்னத்தில் கரடி நிற்பது இதனால்தான். ஜெர்மனில் கரடியை ‘பேர்’ என்பார்கள். பெர்லின் என்ற பெயர் காதில் அப்படி விழுந்தது. உண்மையில் அது சதுப்பு நிலத்தைக் குறித்த ஸ்லாவிய (ரஷ்யன், போலிஷ் மொழிகளின் குடும்பம்) வேரிலிருந்து வந்தது. கரடி கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இன்னொரு நுட்பம் இலக்கணத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால் மொத்த விஷயத்திலும் சுவையானது இதுதான். ஜெர்மன் ஊர்ப்பெயர்களில் பெரும்பகுதி ‘இது என்ன?’ என்ற கேள்விக்கு விடையல்ல, ‘எங்கே?’ என்ற கேள்விக்கு விடை. ஜெர்மனில் இடத்தைச் சொல்லும்போது பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்று உருமாறும். பன்மையானால் இறுதியில் ‘ன்’ வந்து ஒட்டும். முன்னால் நின்ற ‘இல்’, ‘இடத்தில்’ போன்ற சொல் உதிர்ந்துபோய், வேற்றுமை ஏற்ற வடிவம் மட்டும் ஊர்ப்பெயராக உறைந்துவிட்டது.

நாம் மியூனிக் என்று சொல்லும் நகரத்தை ஜெர்மானியர் முன்ஷென் என்பார்கள். 1158இல் அந்த ஊர் முதன்முதலாக ஏட்டில் வந்தது ஒரு வழக்கின் மூலமாக. இசார் ஆற்றின் குறுக்கே ஃப்ரைசிங் நகரத்து ஆயருக்கு (பிஷப்) ஒரு பாலம் இருந்தது. உப்பு வண்டிகள் அதில் சுங்கம் கட்டிப் போயின. சிங்கம் எனப்பட்ட ஹைன்ரிஷ் பிரபு அந்தப் பாலத்தை அழித்து, சற்றுத் தள்ளித் தன் பாலத்தையும் சந்தையையும் வைத்துக்கொண்டார். பஞ்சாயத்து பேரரசர் பார்பரோசாவிடம் போனது. சந்தை பிரபுவிடமே இருக்கட்டும், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயருக்கு என்று தீர்ப்பானது. அந்த ஆவணத்தில் ஊரின் பெயர் முனிஷென், அதாவது ‘துறவிகளிடத்தில்’. இடத்தைச் சொன்ன தொடர் அப்படியே நகரத்தின் பெயரானது. நகரச் சின்னத்தில் இன்றும் ஒரு துறவி நிற்கிறார். கரடியைப் போல் இவர் போலி அல்ல.

இதைப் பிடித்துக்கொண்டால் பல பூட்டுகள் திறக்கும். பாடன் என்றால் ‘குளியலிடங்களில்’. வெந்நீர் ஊற்று உள்ள ஊர். ஆல்டன்புர்க் ‘பழைய கோட்டையில்’. நவும்புர்க் பார்வைக்கு விளங்காத பெயர். அதுவும் ‘புதிய கோட்டையில்’ என்பது தேய்ந்ததுதான். ஹவுசன், ஹோஃபன் என்று முடியும் ஊர்கள் ‘வீடுகளில்’, ‘பண்ணைகளில்’.

பெயரின் வால் காலத்தையும் காட்டும். சிக்மாரிங்கன் போன்ற ‘இங்கன்’ பெயர்களில் ஒரு தலைவனின் ஆட்கள் இருக்கிறார்கள்: சிக்மாரின் கூட்டத்தார். மான்ஹைம், 766இல் பதிவான பெயர். மன்னோ என்பவரின் வீடு. இவை பழைய அடுக்கு. வெர்னிகரோடே, பைரோய்ட் போன்றவற்றில் உள்ள ரோடே, ரோய்ட் எல்லாம் காட்டை வெட்டித் திருத்திய நிலத்தைக் குறிப்பவை. நல்ல நிலமெல்லாம் கைமாறிய பிறகு கோடரியோடு மலைக்காட்டுக்குள் போனவர்களின் ஊர்கள் அவை. ஹார்ஸ் மலையைச் சுற்றி இந்த வால் கூட்டம் கூட்டமாகத் தென்படும்.

ரைன் நதிக்கரையில் அடியில் கிடப்பது லத்தீன். கொலோன், ரோமர்களின் கொலோனியா, அதாவது குடியேற்றம். ரைனும் மோசலும் கூடும் இடம் கோப்லென்ஸ். லத்தீனில் கான்ஃப்ளுவென்டெஸ், ஒன்றாகப் பாய்பவை. நெரிந்து நெரிந்து இப்படி ஆகிவிட்டது. ப்ஃபோர்ட்ஸ்ஹைம் நகரம் இன்னும் ஒரு படி மேல். லத்தீனில் போர்ட்டுஸ் என்றால் படகுத்துறை. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு முதல் தெற்கு ஜெர்மன் பேச்சில் சொல் முதலில் வந்த ‘ப’ ‘ப்ஃ’ ஆனது, ‘ட’ ‘ட்ஸ’ ஆனது. போர்ட்டுஸ் ப்ஃபோர்ட்ஸ் ஆனது இந்த இரண்டு மாற்றமும் ஒரே சொல்லில் நடந்ததால். அந்த மாற்றத்துக்கு முன்பே ஜெர்மன் நாக்கில் ஏறிவிட்ட பெயர் என்பதை அதன் ஒலியே காட்டிக்கொடுக்கிறது.

வடக்கில் இந்த அலை எட்டவில்லை. தெற்கில் ஓடை பாக். ஹாம்பர்க் பக்கம் பேக். கிராமத்துக்குத் தெற்கில் டோர்ஃப், வடக்கில் டோர்ப். டியூசல் ஓடையருகே உள்ள கிராமம் டியூசல்டோர்ஃப். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் போட்ரோப்பின் வாலும் அதே கிராமம்தான். ‘ர’கரமும் உயிரும் இடம் மாறி டோர்ப் ட்ரோப் ஆகிவிட்டது.

எல்பே, சாலே ஆறுகளைத் தாண்டிக் கிழக்கே போனால் பெயர்களின் முகமே மாறும். இட்ஸ், ஓ, இன் என்று முடிபவை ஸ்லாவிய மக்கள் வைத்தவை. கெம்னிட்ஸில் கல் இருக்கிறது, ரோஸ்டாக்கில் பிரிந்தோடும் ஆறு. பெர்லினின் பாங்கோ பகுதியை எழுதும்போது கடைசியில் டபிள்யூ வரும், வாயில் வராது. வெளியூர்க்காரரைக் கண்டுபிடிக்க அது போதும். பெர்லின்வாசிகள் தங்கள் பேட்டையை அன்பாக கீட்ஸ் என்பார்கள். கிழக்குப் பகுதிகளில் கோட்டையை ஒட்டியிருந்த ஸ்லாவிய மீனவர் குடியிருப்புக்கு வழங்கிய பெயர் அது. ஹாம்பர்கில் அதே சொல்லைச் சொன்னால் கேளிக்கை விடுதிகள் நிறைந்த வட்டாரத்தைத்தான் நினைப்பார்கள். ஊர் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் நூல்களை அச்சேற்றிய சீகன்பால்க் பிறந்த ஊர் புல்ஸ்னிட்ஸ். வாலைப் பார்த்தாலே தெரிகிறது, ஸ்லாவியப் பெயர். அங்கே ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். கிழக்கு ஜெர்மனியின் ஸ்லாவிய மொழியான சோர்பியத்தில் அந்த ஊர் போல்ச்னிட்சா. அங்கே இன்றும் பேர்போன பண்டம் ப்ஃபெஃபர்குகன், ‘மிளகு கேக்’. லத்தீனின் பிப்பெர், போர்ட்டுஸைப் போலவே ‘ப்ஃ’ ஒலிக்கு மாறி ப்ஃபெஃபர் ஆனது. அந்த பிப்பெரே இந்தியாவிலிருந்து பிப்பலி என்று கிளம்பிய சொல். பழைய ஜெர்மனில் ப்ஃபெஃபர் என்றால் அயல்நாட்டு மசாலா எதுவானாலும் பொருந்தும். அந்தக் கேக்கில் பெரும்பாலும் மிளகே இருக்காது.