நிறத்திரிபு: லேசர் பட்ட வண்ணத்துக்கு என்ன ஆகிறது?

பழைய சுவரோவியங்களை லேசரால் சுத்தம் செய்வது பற்றிப் படித்தால் ‘டிஸ்கலரேஷன்’ என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். தமிழில் பலரும் இதை ‘நிறமிழப்பு’ என்றோ ‘நிறம் மங்கல்’ என்றோ எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே இங்கே பொருந்தாது என்பது என் கட்சி.

சொல்லின் வேர் லத்தீன். ‘டிஸ்’ என்றால் விலகல், ‘கோலோர்’ என்றால் நிறம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நிறம் போவது, நிறம் மாறுவது இரண்டையும் இந்த ஒரே சொல் சுமக்கிறது, குழப்பமே அங்கேதான்.

லேசர் சுத்தம் செய்யும் விதம் இதுதான்: பொதுவாக 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நானோநொடித் துடிப்புகளாக அடிக்கிறார்கள். ஓவியத்தின் மேல் படிந்த கரி அதை உறிஞ்சிச் சூடாகித் தெறித்துப் போகிறது, கீழே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ரோமின் தோமித்தில்லா நிலத்தடிக் கல்லறைகளில் விளக்குக் கரியும் பாசியும் சுண்ணப் படிவும் மூடியிருந்த ஓவியங்களை இப்படி லேசரால் மீட்டுத்தான் 2017இல் காட்டினார்கள். சரி, அழுக்குக்குக் கீழே சுண்ணாம்புக்குப் பதிலாக ஒளியை உறிஞ்சும் நிறமி இருந்தால்?

மஞ்சள் காவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீர் கலந்த இரும்பு ஆக்சைடு. சூடு ஏறினால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறிச் செங்காவி ஆகிவிடும் (அந்தக் காலத்து ஓவியர்கள் இதை வேண்டுமென்றே வறுத்துச் சிவப்பாக்கிப் பயன்படுத்தியதும் உண்டு). சாதிலிங்கச் சிவப்பு (பாதரசமும் கந்தகமும் சேர்ந்த நிறமி) கருத்துப்போகும். ஈயச் செந்தூரமும் ஈயவெள்ளையும் அப்படித்தான் கருக்கும். பச்சை, நீலத் தாமிர நிறமிகளும் கருக்கும். கவனியுங்கள், இதில் எதுவும் சுவரை விட்டுப் போகவில்லை, இருந்த இடத்திலேயே வேறொன்றாகிவிட்டது.

புணர்ச்சி இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் படித்திருப்போம். மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆகும்போது ‘ம்’ காணாமல் போகிறது, அது கெடுதல். பொன், குடம் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ‘ன்’ இன்னொரு எழுத்தாக மாறுகிறது, அது திரிதல். வெயிலில் சாயம் வெளுப்பது கெடுதல் வகை, லேசர் பட்ட காவி சிவப்பது திரிதல் வகை. அதனால்தான் ‘நிறத்திரிபு’ என்கிறேன். வெயிலால் வருவதற்கு ‘வெளுப்பு’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதையும் இதையும் ஒன்றாக்கினால் அறிக்கையைப் படிப்பவருக்குக் காரணமே தெரியாமல் போகும்.

அப்புறம் ஒரு விதிவிலக்கு. கருத்த ஈயவெள்ளை நாள்பட ஓரளவு தானாகவே வெளிறித் திரும்புவதுண்டு. அதற்காக வேறு சொல் தேட வேண்டாம், ‘மீளும் நிறத்திரிபு’ என்று ஓர் அடை சேர்த்தால் போதும்.