வாலிபால் ஆடும் மகளுக்கு ஓய்வு மாதம் உண்டா?

டெக்ஸாஸில் விளையாட்டுப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். முழங்கால் வலி, தோள்பட்டை வலி என்று என்னிடம் வருபவர்களில் வாலிபால் ஆடும் பள்ளி மாணவிகள் கூடிக்கொண்டே போகிறார்கள். நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்களும் அதில் உண்டு. அவர்களின் அப்பா அம்மாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டில் நாலரை லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பள்ளி அணிகளில் வாலிபால் ஆடுகிறார்கள். 2023 ஆகஸ்ட்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் ஆடிய ஒரே ஆட்டத்துக்கு 92,003 பேர் திரண்டார்கள். ஆனால் கல்லூரி முடிந்ததும் சம்பளத்துக்கு ஆட வேண்டுமென்றால் பெரும்பாலும் இத்தாலி, துருக்கி என்று பெட்டி கட்ட வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் புரோ வாலிபால் ஃபெடரேஷன் என்ற பெண்கள் தொழில்முறை லீக் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கே 11 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அடுத்த ஜனவரியில் லீக் ஒன் வாலிபால் என்ற இன்னொரு லீக் வந்தது. அதன் முதல் கோப்பையை எங்கள் ஆஸ்டின் அணி தூக்கியது. இந்த லீக் சிறுமியர் கிளப்களை முதலில் சேர்த்துக்கொண்டு, அதன் மேல் தொழில்முறை அணிகளைக் கட்டியது. அதனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கும் அந்த மேடை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. எனக்கு இதில் உண்மையான சந்தோஷம்.

கவலை எங்கே என்றால், பிள்ளைகள் தொழில்முறை வீராங்கனையின் ஆட்டத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். அவளைச் சுற்றி அணிக்கென்றே பிசியோ, உடற்பயிற்சியாளர் எல்லாரும் இருக்கிறார்கள். பெரிய அணிகள் பலவற்றில் இடுப்பில் ஒரு சிறு கருவியை மாட்டி, ஒரு நாளில் எத்தனை முறை குதித்தாள் என்பதைக்கூட எண்ணுகிறார்கள். வாரத்துக்கு ஓரிரு ஆட்டம், மற்ற நாட்களில் அளந்த பயிற்சி. நம் மகளோ கிளப் போட்டியில் ஒரே வார இறுதியில் ஆறேழு ஆட்டம் ஆடுகிறாள். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பள்ளி அணி, அது முடிந்த கையோடு கிளப், பிறகு கோடை முகாம். அவள் குதிப்பதை யாரும் எண்ணுவதில்லை.

வளரும் வயதில் எலும்பு வேகமாக நீளும். தசையும் தசைநாணும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. அப்போது ஸ்பைக் (பந்தை ஓங்கி அடிப்பது), பிளாக் (வலைக்கு மேல் தடுப்பது) என்று ஓயாமல் குதித்தால் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வரும். ஓங்கி அடிக்கும் தோளும் இப்படித்தான் தேய்ந்து போகிறது. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்தால் கதையே வேறு. திரும்பக் களமிறங்க ஒன்பது மாதமாவது ஆகும். பருவமடைந்த பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட அதிகம். ஆனால் இதைப் பெருமளவு குறைக்கலாம். குதித்துத் தரையிறங்கும்போது இரண்டு முழங்கால்களும் உள்பக்கம் சாயாமல் மடங்கப் பழக்க வேண்டும். வார்ம்அப்போடு பதினைந்து நிமிடம், வாரம் இரண்டு மூன்று தடவை போதும். உங்கள் கிளப்பில் இது இல்லையென்றால் கேளுங்கள். கட்டணம் கட்டுகிறீர்கள், கேட்க உரிமை உண்டு.

விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று: வாரத்தில் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பதிமூன்று வயதென்றால் பதிமூன்று மணி நேரம், பள்ளியும் கிளப்பும் சேர்த்து. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. வருடத்தில் சில மாதங்கள் வாலிபாலை விட்டு நீச்சலோ வேறு ஏதாவதோ செய்யட்டும். “இடம் போய்விடுமே” என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். அடிபட்டு ஒரு சீசன் உட்கார்ந்தாலும் இடம் போகத்தான் போகிறது.

அப்புறம், போட்டிக்கு முன் வலி மாத்திரை கொடுத்து அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். படி இறங்கும்போது வலித்தாலோ, மூட்டு வீங்கினாலோ, இரவில் தோள் வலியால் தூக்கம் கலைந்தாலோ அந்த வாரப் போட்டியை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.