தோற்ற விகிதமா, உயர விழுக்காடா?

"குறைந்த தோற்ற விகிதம் கொண்ட டயர்கள் கடினமான பயணத்தைத் தரும்." கார் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இப்படி ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? பார்க்க லட்சணமில்லாத டயர் போலிருக்கிறது என்றுதான்.

மூலச்சொல் ஆஸ்பெக்ட் ரேஷியோ. அதன் முற்பாதி, நோக்குதல் என்று பொருள்படும் லத்தீன் வினைவழி வந்தது. தோற்றம் என்றவர் அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிட்டார். தமிழில் தோற்றத்துக்குப் பிறப்பு என்றும் பொருளுண்டு என்பதை விடுங்கள். எதற்கும் எதற்கும் விகிதம் என்பதையே அந்தச் சொல் சொல்லவில்லை.

டயரில் 185/65 ஆர் 15 என்றிருந்தால், அகலம் 185 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது 120.25 மி.மீ. இந்த 65-தான் ஆஸ்பெக்ட் ரேஷியோ. அவ்வளவுதான் விஷயம்.

'அகல உயர விகிதம்' என்பாரும் உண்டு. தோற்றத்தை விட மேல். ஆனால் அது டிவித் திரையிலிருந்து இரவல் வாங்கியது. திரையில் 16:9 என்றால் அகலம் முதலில் வரும். டயரில் உயரத்தைத்தான் அகலத்தால் வகுக்கிறோம். சொல்லை நம்பிப் படிப்பவர், எண் கூடினால் டயர் அகலமாகும் என்று தலைகீழாகப் புரிந்துகொள்வார். 'உருவ விகிதம்' பற்றிப் பேசவே வேண்டாம். டயரில் பொறித்திருப்பது 65, 0.65 அல்ல. ஆகவே விகிதமே வேண்டாம், 'உயர விழுக்காடு' போதும் என்பது என் கட்சி. டயர் கடையில் '65 ப்ரொஃபைல்' என்கிறார்கள். அதுகூடத் தோற்ற விகிதத்தை விடத் தெளிவு.

உயர விழுக்காடு குறைந்த டயர் என்று எழுதிப் பாருங்கள், காரணம் தானே வந்து நிற்கும். சுவர் குட்டை. அதனால் வளைவில் குறைவாக நெளியும், ஸ்டீயரிங் திருப்பியதும் வண்டி கேட்கும். அதே காரணத்தால் மெத்தென்ற ஓட்டம் போகும். பள்ளத்தில் விழுந்தால் ரிம்முக்கும் பள்ள விளிம்புக்கும் நடுவே சுவர் நசுங்கி, உள்ளிழைகள் அறுந்து புடைக்கும். புடைத்த டயரை மாற்றத்தான் வேண்டும்.

மேலே சொன்ன டயருக்குப் பதில் 195/55 ஆர் 16 போட்டால் சுவர் 13 மி.மீ. குறையும், மொத்த விட்டம் 621.5-இலிருந்து 620.9 மி.மீ. ஆகும், கிட்டத்தட்ட அதே. அகலத்தை மட்டும் கூட்டி 195/65 ஆர் 15 போட்டால் விட்டம் 634.5. முன்பு 100 என்று மீட்டர் காட்டிய இடத்தில் வண்டி 102-ஐத் தொட்டிருக்கும்.

காற்று விஷயத்தில் இன்னொரு கொடுமை, 'குளிர் அழுத்தம்'. சித்திரை வெயிலில் அதை எங்கே போய்த் தேடுவது? வண்டி மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்றபின் பார்க்கும் அழுத்தம் அது. 'ஓடாநிலை அழுத்தம்' என்றால் தீர்ந்தது. டயரில் பொறித்த உச்ச அளவைப் 'பரிந்துரைத்த அழுத்தம்' என்று எழுதுவது இதைவிட ஆபத்து. அது டயர் தாங்கும் எல்லை. போட வேண்டிய அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். அங்கே 33 பிஎஸ்ஐ என்றிருக்க 44 ஏற்றினால் டயரின் நடுப்பகுதி தேயும், வண்டி குதிக்கும், பிடிமானம் குறையும். 25-க்கு விட்டுவிட்டால் இரு ஓரமும் தேயும், சுவர் சூடேறும்.

போகிற போக்கில்: 'ஆர் 15' என்பதை 'ஆரம் 15' என்று எழுதுகிறவர்களுக்கு. அந்த ஆர், ரேடியல் என்ற டயர் கட்டமைப்பு வகையைக் குறிப்பது. 15 அங்குலம் ரிம்மின் விட்டம். ஆரம் 15 என்றால் விட்டம் 30 ஆகிவிடும். பல டிராக்டர்களின் பின்சக்கர ரிம்மே 28 அங்குலம்தான்.