கட்டில் காலுக்கு அடியில் ஒரு கிண்ணம்: மூட்டைப்பூச்சியை எண்ணி ஒழிக்கும் முறை

மூட்டைப்பூச்சி இருப்பது தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது, மருந்து வாங்கக் கடைக்கு ஓடுவதுதான். ஒரு ஸ்ப்ரே டப்பா தீரும். கட்டில் மூலைகளில் மண்ணெண்ணெய் விடுவார்கள். மெத்தையை மொட்டை மாடியில் போட்டுத் தட்டுவார்கள். பத்து நாள் நிம்மதி, அதன் பிறகு மறுபடியும் கடி. எத்தனை பூச்சி இருந்தது, எங்கே இருந்தது, மருந்து அடித்த பிறகு எத்தனை மிச்சம் என்று கேட்டால் அந்த வீட்டில் யாரிடமும் பதில் இருக்காது. கடந்த இருபது ஆண்டுகளில் குடியிருப்புகளில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பூச்சியைக் கண்டுபிடிக்கத் தவறுவதே மூட்டைப்பூச்சி ஒழிப்பு தோற்க ஒரு பெரிய காரணம்.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 223 வீடுகள் கொண்ட ஒரு பலமாடிக் கட்டடத்தை 2008 டிசம்பர் முதல் 2009 ஏப்ரல் வரை ஆராய்ந்தார்கள். முதல் பூச்சி நுழைந்து 41 மாதங்களில் 101 வீடுகளுக்குப் பரவியிருந்தது. பூச்சி உள்ள வீட்டை ஒட்டிய வீடுகளில் பாதிக்கு மேல், 53 சதவீதத்தில், பூச்சி இருந்தது. நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் குழு குறைந்த வருமானக் குடியிருப்புகளில் 2,372 வீடுகளைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. பூச்சி இருந்த வீடுகளில் வசித்தவர்களில் 49 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை. இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூட்டைப்பூச்சி கடித்தாலும் பலருக்குத் தடிப்பே வராது, வயதானவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஒரே கட்டிலில் படுக்கும் கணவன் மனைவியில் ஒருவர் உடம்பெல்லாம் தடித்துப் போய்த் தவிப்பார், மற்றவர் "எனக்கு ஒன்றும் இல்லையே, உனக்கு ஏதோ அலர்ஜி" என்பார். கடியை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். கொசுக்கடிக்கு மூட்டைப்பூச்சி மருந்து அடிப்பவர்களும் உண்டு.

அப்படியானால் எதைத் தேடுவது? முதலில் கரும்புள்ளி. பூச்சி குடித்த ரத்தம் செரித்து எச்சமாக வெளிவருவது அது. துணியில் பட்டால் மார்க்கர் பேனா முனையை ஒரு நொடி அழுத்தி எடுத்ததுபோல் ஓரம் கசிந்து பரவியிருக்கும். மரத்திலும் சுவரிலும் சற்று மேடிட்டு மினுமினுக்கும். ஈரப் பஞ்சால் துடைத்தால் செம்பழுப்பாகக் கரையும். கரப்பான் எச்சம் இப்படிக் கரைந்து கறை விடுவதில்லை. அடுத்து, உரித்துப் போட்ட தோல். குஞ்சு ஐந்து முறை தோலுரித்துத்தான் முழுப்பூச்சி ஆகும், ஒவ்வொரு முறையும் அதற்கு முன் ஒரு வேளை ரத்தம் வேண்டும். ஆகவே வெளிர்பழுப்புச் சக்கைகள் பல அளவுகளில் கிடந்தால் பூச்சி அங்கேயே குடும்பம் நடத்துகிறது என்று பொருள். முட்டை ஒரு மில்லிமீட்டர் நீளம், குருணை அரிசியின் துணுக்குபோல் வெள்ளையாக, விரிசலுக்குள் ஒட்டியிருக்கும். ஊதினால் உதிராது. தொற்று முற்றிய அறையில் கொத்தமல்லித் தழையைக் கசக்கியது போன்ற ஒரு வாடை வரும். ஆனால் வாடை வரும்வரை காத்திருந்தால் பூச்சி ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் இருக்கும்.

தேடும்போது டார்ச் ஒன்று, பழைய ஏடிஎம் கார்டு ஒன்று, செலோடேப் ஒரு சுருள் போதும். படுக்கையின் தலைமாட்டிலிருந்து தொடங்குங்கள். மெத்தையின் நான்கு மூலைத் தையல், விளிம்பில் ஓடும் பைப்பிங்கின் அடிமடிப்பு, கம்பெனி லேபிளின் பின்புறம். பிறகு மெத்தையைத் தூக்கிக் கட்டிலின் பலகை இடுக்குகள், திருகு ஓட்டைகள், தலைப்பலகைக்கும் சுவருக்கும் நடுவே. கார்டின் விளிம்பை இடுக்கில் விட்டு மெதுவாக இழுத்தால் பூச்சி வெளியே ஓடி வரும், டேப்பால் ஒற்றி எடுத்துவிடலாம். இரும்புக் கட்டிலில் சதுரக் குழாயின் திறந்த முனைகளைப் பார்க்காமல் விடாதீர்கள். அதற்குப் பிறகுதான் சோபா, பிரம்பு நாற்காலி, சுவர்க் காலண்டர், சுவிட்ச் போர்டு ஓரம். பூச்சிகளில் பெரும்பங்கு, ஆள் படுக்கும் இடத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்குள்தான் ஒளிந்திருக்கும். வீடு முழுக்கத் தேடிக் களைத்துப்போவதைவிடக் கட்டிலை முழுதாகக் கழற்றிப் பார்ப்பது மேல்.

கண்ணால் தேடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதே நியூ ஜெர்சி ஆய்வில் கண்ணால் தேடியபோது பூச்சி இருந்த வீடுகளில் 72 சதவீதம்தான் தெரிந்தன. கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டு வாரம் வைத்த பொறிக் கிண்ணங்கள் 89 சதவீத வீடுகளைக் காட்டிக்கொடுத்தன. மோப்ப நாயைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். ஆனால் மக்கள் குடியிருக்கும் வீடுகளில் ரட்கர்ஸ் குழு சோதித்தபோது நாய்கள் சராசரியாக 44 சதவீதத்தைத்தான் பிடித்தன, பூச்சி இல்லாத வீட்டிலும் சில நேரம் இருப்பதாகக் காட்டின. விலை மலிந்த ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் அதைவிட நன்றாக வேலை செய்கிறது.

சாப்பாட்டு அலமாரிக் கால்களை எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழக்கம் நம் வீடுகளில் இருந்ததே, ஏறக்குறைய அதே யோசனைதான் இது. சிறிய கிண்ணம் ஒன்றைப் பெரிய கிண்ணத்தின் நடுவில் ஒட்டுங்கள். கட்டில் கால் சிறியதற்குள் நிற்க வேண்டும். பெரியதன் வெளிச்சுவரில் துணி நாடாவோ மாஸ்கிங் டேப்போ சுற்றினால் பூச்சிக்கு ஏறப் பிடிமானம் கிடைக்கும். உட்சுவர்கள் வழவழப்பாக இருக்க வேண்டும். அறையிலிருந்து கட்டிலுக்கு வரும் பூச்சி இரு கிண்ணங்களுக்கும் இடையே விழும். கட்டிலிலிருந்து இறங்கும் பூச்சி உள்கிண்ணத்தில் விழும். எதில் விழுகிறது என்பதை வைத்தே ஒளிவிடம் கட்டிலிலா அறையிலா என்று பிரித்துவிடலாம். இந்தத் தகவலை எந்த மருந்தும் உங்களுக்குத் தராது.

ஆனால் ஒன்று, அமெரிக்க வழிமுறையை அப்படியே எடுத்தால் நம் ஊரில் ஏமாறுவோம். குளிர்நாடுகளில் இருப்பது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ் என்ற மூட்டைப்பூச்சி இனம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் பெரும்பாலும் இருப்பது வெப்பநாட்டு இனமான சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். அதன் கால் திண்டில் ஒட்டுமயிர்கள் அதிகம் என்பதால் வழவழப்பான பிளாஸ்டிக் சுவரிலும் ஏறித் தப்பிவிடுகிறது. மலேசியாவின் பினாங்கில் இருந்து இயங்கிய ஆய்வுக்குழு 2017இல் இதைக் காட்டியது. எனவே இங்கே கிண்ணத்தின் உட்சுவரில் டால்கம் பவுடரை விரலால் மெல்லியதாகத் தேய்த்துவிட வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பவுடர் நான்கைந்து நாளில் கட்டிப்போகும், துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பவுடருக்குப் பதில் தண்ணீர் ஊற்றலாமே என்பார்கள். டெங்கு கொசு முட்டையிட அது போதும். ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து, வாரம் தவறாமல் கொட்டிக் கழுவுங்கள்.

கிண்ணம் வேலை செய்ய வேண்டுமானால் பூச்சிக்கு வேறு வழி இருக்கக் கூடாது. கட்டில் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். போர்வையும் கொசுவலையும் தரையைத் தொட வேண்டாம். சார்ஜர் வயர் ஒன்று சுவரிலிருந்து தலையணைக்குத் தொங்கினாலே போதும், பூச்சி பாலம் கட்டிவிடும். பூச்சிக்குப் பயந்து ஹாலுக்குப் போய்ப் படுப்பதும் பெரிய தவறு. சாப்பாட்டைத் தேடி அது உங்கள் பின்னாலேயே வரும், அல்லது மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். பாயில் தரையில் படுப்பவர்கள் கிண்ணங்களை மூலைகளிலும் சுவரோரமாகவும் வைக்கலாம். பிடிபடுவது குறையும், ஆனாலும் துப்புக் கிடைக்கும்.

இனி கொல்வதற்கு வருவோம். முதல் ஆயுதம் சூடு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2011இல் அளந்தபடி, 45 டிகிரி செல்சியஸில் முழுப்பூச்சி சாக 95 நிமிடம் ஆகிறது, முட்டை அதே சூட்டில் 7 மணி நேரம் வரை தாங்குகிறது. 48 டிகிரியில் முட்டைக்கு 72 நிமிடம். 55 டிகிரியைத் தொட்டால் எல்லாமே உடனடியாக முடிந்துவிடும். வெயிலில் போட்ட மெத்தை ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இதிலிருந்து புரியும். மேல்துணி கொதித்தாலும் அடிப்பக்கம் சூடாகாது, பூச்சி குளிர்ந்த பக்கம் நகர்ந்துவிடும். கறுப்பு பிளாஸ்டிக்கில் மெத்தையைச் சுற்றி வெயிலில் வைத்துச் சிட்னியில் செய்த சோதனையும் இதே காரணத்தால் தோற்றது.

துணிகளுக்கு 60 டிகிரி தண்ணீர் வேண்டும். பல வீடுகளில் வாஷிங் மெஷின் குழாய்த் தண்ணீரில்தான் ஓடுகிறது. குளிர்ந்த தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்தாலும் முட்டை சாவதில்லை. அண்டாவில் இரண்டு பங்கு கொதிநீரும் ஒரு பங்கு குழாய்த் தண்ணீரும் கலந்து, துணியை முக்கி மூடிவைத்து அரை மணி நேரம் கழித்துத் துவையுங்கள். துணி வெந்நீரின் சூட்டைக் குடித்துவிடும் என்பதால்தான் இந்த விகிதம். டிரையர் இருந்தால் அதிகச் சூட்டில் 30 நிமிடம் போதும். வெந்நீர் ஆகாத பொருளைப் பையில் கட்டி வீட்டு ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், நான்கு நாள் வைக்கலாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் மேலே இருக்கும் ஐஸ் பெட்டியில் அந்தக் குளிர் வராது. கழற்றிய இரும்புக் கட்டிலுக்குக் கெட்டிலில் இருந்து நேராகக் கொதிநீர் ஊற்றுங்கள். மரத்துக்கும் மெத்தைத் தையலுக்கும் நீராவிக் கருவி. முனையில் துணி கட்டி, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தில் நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் ஆவியின் வேகம் பூச்சியைத் தூக்கி எறியுமே தவிரக் கொல்லாது.

ரசாயனத்தைப் பொறுத்தவரை, பூச்சிக்கு மருந்தைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தி வருவது புதிய கதை இல்லை. 1947லேயே ஹவாயின் பெர்ல் ஹார்பரில் டிடிடிக்குச் சாகாத மூட்டைப்பூச்சி கண்டறியப்பட்டது. இன்று கடை ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு இரண்டு இனங்களுமே பரவலாகப் பழகிவிட்டன. மருந்து நேராகப் பட்ட பூச்சி சாகலாம், காய்ந்த படலத்தில் நடக்கும் பூச்சி சாவதில்லை. முட்டையைப் பெரும்பாலான ஸ்ப்ரேக்கள் தொடுவதே இல்லை. அது 6 முதல் 10 நாளில் பொரிக்கும், "பத்து நாள் நிம்மதி" என்பதன் கணக்கு இதுதான். அறையை மூடிப் புகைபோல விடும் ஃபாகர் டப்பாக்களை ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் சோதித்தது. வீடுகளிலிருந்து பிடித்து வந்த பூச்சிகளில் இடுக்கில் ஒளிந்திருந்தவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுமே ஆகவில்லை.

எதிர்ப்புச் சக்தியால் எளிதில் தப்ப முடியாதது உலர்த்தும் தூள். டயட்டமேசியஸ் எர்த் (நுண்பாசிகளின் புதைபடிவத் தூள்), சிலிக்கா போன்றவை பூச்சியின் மேல்மெழுகை உறிஞ்சி உடம்பை வற்றவைக்கும். 2009இல் வெளிவந்த இண்டியானாபொலிஸ் ஆய்வு ஒன்றில் மெத்தை உறை, நீராவி, கிண்ணங்கள், டயட்டமேசியஸ் எர்த் ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தியபோது 10 வாரங்களில் பூச்சி எண்ணிக்கை சராசரியாக 97.6 சதவீதம் குறைந்தது. தூளைக் குவித்துப் போட்டால் பூச்சி சுற்றிக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு, சிறு தூரிகையால் இடுக்குக்குள் மட்டும் தடவ வேண்டும். மெத்தை மேலோ குழந்தை தவழும் தரையிலோ தூவ வேண்டாம். நீச்சல்குள வடிகட்டிக்கு விற்கும் ரகத்தை வாங்கவே வேண்டாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரக்காற்றில் இது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். தானிய மூட்டைக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு அறையில் வைக்காதீர்கள், வைக்க யாரையும் விடாதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு கதவிடுக்கு, குழாய் ஓட்டை வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும், தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். மூட்டைப்பூச்சியால் மனிதருக்கு நோய் பரவுவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அரிப்பும் தூக்கமின்மையும் பெரிய துன்பம்தான், ஆனால் அதற்காக ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் நனைத்த கட்டிலும் தீ விபத்துக்குக் காத்திருப்பதுதான்.

ஆள் வைத்து மருந்து அடிப்பதென்றால் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 10 முதல் 14 நாளுக்குள் இரண்டாம் முறை வருவதை முன்பே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். முதல் முறை தப்பிய முட்டைகள் பொரித்து, அந்தக் குஞ்சுகள் வளர்ந்து மறுபடி முட்டையிடுவதற்குள் இருக்கும் இடைவெளி அது. மெத்தையைத் தூக்கி எறிவதாக இருந்தால் பிளாஸ்டிக்கில் இறுகக் கட்டாமல் மாடிப்படியில் இழுக்காதீர்கள். வழியெல்லாம் பூச்சி உதிரும்.

அடுக்குமாடிகளிலும் விடுதிகளிலும் ஓர் அறைக்கு மட்டும் மருந்து அடிப்பது பணத்தைக் கரைக்கும் வேலை. நியூ ஜெர்சியில் 358 வீடுகள் கொண்ட குடியிருப்பில் எல்லா வீட்டையும் சோதித்து, பூச்சி தெரிந்த எல்லா வீடுகளிலும் தொடர்ந்து ஒழிப்பு வேலை செய்தார்கள். ஓராண்டில் தொற்றுள்ள வீடுகள் 15 சதவீதத்திலிருந்து 2.2 சதவீதமாகக் குறைந்தன. இதற்கு வேண்டியது வெட்கப்படாமல் சொல்லும் சூழல். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ, வார்டன் திட்டுவாரோ என்று மறைக்கும் ஒவ்வொரு வாரமும் பக்கத்து அறைக்குப் போகும் வாரம். பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை, ரத்தத்தைத் தேடித்தான் வருகிறது. பக்கத்திலும் மேலும் கீழும் உள்ள வீடுகளுக்குச் சொல்லி, அங்கேயும் கிண்ணம் வைக்கச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், கிண்ணங்களைப் பார்த்து எண்ணிக்கையைக் காலண்டரில் குறியுங்கள். முழுப்பூச்சி எத்தனை, குஞ்சு எத்தனை என்று தனித்தனியாக. குண்டூசித் தலை அளவுக் குஞ்சு விழுந்தால் முட்டை இன்னும் பொரிக்கிறது, ஒளிவிடம் ஒன்று தப்பியிருக்கிறது என்று பொருள். கடி நின்ற அன்றே கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள். தொடர்ந்து எட்டு வாரம் சுழியம் எழுதிய பிறகு எடுக்கலாம். அதுவரை பவுடர் மட்டும் புதிதாகப் பூசுங்கள்.